கடைசியில் வருகிறவருக்கும் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் திங்கட்கிழமையானால் எங்காவது நடந்த மாரத்தான் படம் வருகிறது. இங்கே டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் உட்கார்ந்து இணையத்தில் விடாமல் பார்க்கிறேன். எல்லாப் படத்திலும் முதலில் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள், சரி, ஜெயித்தவர்களைப் போடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தண்ணீர் இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

நான் கும்பகோணத்துக்காரி. 2003ல் கல்யாணமாகி இங்கே வந்தேன், சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். 49 வயதில், போன பிப்ரவரியில், முதல் அரை மாரத்தான் ஓடினேன். 21.1 கிலோமீட்டர். எட்டு மாதம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தனியாக ஓடப் பயம் என்பதால் பக்கத்துத் தெரு அக்காவைக் கூட்டிக்கொண்டு, கரும்புத் தோட்டத்தை ஒட்டின ரோட்டில் பழகினோம். பந்தயத்துக்குக் கெடு மூன்றரை மணி நேரம். நான் முடித்தது 3 மணி 14 நிமிடத்தில். அதாவது கெடுவுக்குள், பதினாறு நிமிடம் மிச்சம் வைத்து.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த நாட்டு ஓட்டங்களில் பெரும்பாலும் டம்ளர் கிடையாது, சின்ன பாலிதீன் பாக்கெட்தான், மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிக்கொண்டே ஓடலாம். நாங்கள் போனபோது மேசையை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் டிரம்மைக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள், ஐஸ்கட்டி ரோட்டோரச் சாக்கடையில் கரைந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்கக் கடித்துப் போட்ட காலி பாக்கெட். அதில் ஒன்று உடையாமல் கிடந்தது, அதை எடுத்து அக்காவும் நானும் பாதிப் பாதி குடித்தோம். அடுத்த மேசையும் இல்லை. மணி ஏழரை தாண்டிவிட்டது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் சேருகிற இடத்தில், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர், எழுபது வயது இருக்கும், எங்களைப் பார்த்ததும் தூண்டிலைக் கல்லில் சாய்த்துவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் ஊற்றி ஆளுக்கு இரண்டு மூடி. "மெதுவா குடிம்மா" என்றார். அவர் வீட்டிலிருந்து நாள் முழுதுக்கும் கொண்டுவந்திருந்த தண்ணீர் அது.

அப்புறம் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஒரு மேசை கண்ணில் பட்டது. திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் நான்கு பாக்கெட்டை ஒரேயடியாகக் குடித்து, ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வாந்தி. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஓட்டக்காரர்கள் மயங்கி விழுகிறார்கள் என்று 1980களிலேயே எழுதியவர் இதே நாட்டு மருத்துவர் டிம் நோக்ஸ். தாகம் எடுக்கும்போது தாகத்துக்கு மட்டும் குடி என்பதுதான் அவர் சொன்னது. ஆனால் தாகம் எடுக்கிற இடத்தில் மேசை இருந்தால்தானே அப்படிக் குடிக்க முடியும்?

முதலில் வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். மூன்று மணி நேரம் ஓடுகிறவர்தான் முழு வெயிலையும் வாங்குகிறார். பதிவுக் கட்டணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மேசையை முதலில் எடுப்பது யாருக்கு?

இது நடந்தது எந்த நாட்டில் என்று நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடுகிற காம்ரேட்ஸ் ஓட்டத்தை 1921ல் விக் கிளாஃபம் தொடங்கினார். கறுப்பினத்தவரையும் பெண்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்க்கவே 1975 ஆனது. அதற்கு முன்னாலேயே 1923ல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண், 1935ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் எல்லாம் கணக்கில் சேராமலே ஓடி முடித்தவர்கள். இன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரக் கெடுவின் கடைசி நிமிடங்களை டிவியில் பார்க்க வீடு வீடாக உட்கார்ந்திருக்கிறோம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வருகிறவருக்குத் தருகிற செம்புப் பதக்கத்துக்கு விக் கிளாஃபம் பெயரே வைத்திருக்கிறார்கள். மெதுவாக வருகிறவருக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஊரில் அவருக்குத் தண்ணீர் வைக்க முடியாதா?

எங்கள் டோங்காட்டுக்குத் தண்ணீர் அருமை தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளம் சுத்திகரிப்பு நிலையத்தையே அடித்துப் போய், மாதக்கணக்கில் குடத்தோடும் வாளியோடும் டேங்கர் லாரிக்கு நின்றோம். நம் முறை வருவதற்குள் தீர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று அப்போதே பார்த்தாயிற்று. தைப்பூசத்துக்கு இங்கே வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். கடைசிக் காவடி கோயிலுக்குள் போகிறவரை ஒரு சொம்பைக்கூட யாரும் எடுத்து வைப்பதில்லை. பின்னால் வருகிற பாட்டிக்குத்தான் முதலில் மோர்.

ஓட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற வண்டி தாண்டும்வரை மேசையை மடக்காதீர்கள். பாக்கெட்டைப் பதிவான ஆட்களின் தலைக்கணக்குப் போட்டு வாங்குங்கள், முன்னால் போகிறவர் தலையில் ஊற்றிக்கொள்வதையும் சேர்த்து. எந்த மேசை எத்தனை மணி வரை இருக்கும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் ஓட்டம் நடத்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும், அங்கே வெயில் இதைவிடக் கடுமை.

அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் பதின்மூன்றாவது கிலோமீட்டர் மேசையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் கோயில் பெண்கள் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டோங்காட், தென்னாப்பிரிக்கா