அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்

மூளைக்காய்ச்சல் பரிசோதனை நெறிமுறைகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஐந்து வாரமாகத் தலைவலி, வாந்தி, இப்போது பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது. எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை, ஸ்டீராய்டு எடுத்ததும் இல்லை. இப்படி ஒருவரின் தண்டுவட நீரில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் அடையாளப் பொருள்) பார்க்கக் கேட்ட படிவம், 'எதிர்ப்பாற்றல் குறைவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருந்ததால் மறுபடியும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

இந்தப் பூஞ்சையின் ஓர் இனமான கிரிப்டோகாக்கஸ் கேட்டி நல்ல உடல்நிலையில் இருப்பவர்களையும் தாக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. 1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவில் அது அப்படித்தான் பரவியது. நுரையீரலிலும் மூளையிலும் கட்டியாகத் திரண்டு புற்றுநோய் போலவும் தோன்றும்.

தண்டுவட நீரில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கூடி, புரதம் ஏறி, குளுக்கோஸ் இறங்கியிருந்தால் எல்லோரும் முதலில் நினைப்பது காசநோயைத்தான். மருந்தோடு ஸ்டீராய்டும் தொடங்குகிறார்கள். சில நாள் தலைவலி குறைவது போலிருக்கும். பூஞ்சையோ உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். தண்டுவட நீரின் அழுத்தம் 25 செ.மீ. நீர்மட்ட அளவுக்கு மேல் போய் அப்படியே நீடித்தால் பார்வை நரம்பு கெடும். பூஞ்சையைப் பிறகு ஒழித்துவிடலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. முதல் நாளே அழுத்தத்தை அளந்து, தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் நீரை எடுத்திருந்தால் அந்தக் கண்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு கட்டத்தில் டிக் இல்லை என்பதற்காக ஒருவர் பார்வையை இழக்க வேண்டுமா?

இந்தியா இங்க்கில் (நீரோடு மை கலந்து நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடும் சோதனை) தெரியவில்லையே என்பது பதிலாகாது. எச்ஐவி இல்லாதவர்களில் பூஞ்சை குறைவாக இருப்பதால் அது ஏறக்குறைய பாதிப் பேரைத் தவறவிடும். ஆன்டிஜெனைக் கோடாகக் காட்டும் சோதனைப் பட்டைக்கு வேண்டியது 40 மைக்ரோலிட்டர் நீர், ஒரு சொட்டு கரைப்பான், 10 நிமிடம். ஆன்டிஜென் மிக அதிகமாக இருந்தாலும் கோடு விழாமல் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் நெறிமுறையில் சேருங்கள். வளர்ப்புச் சோதனைக்கு வெறும் 2 மில்லிலிட்டர் நீரை அனுப்பிவிட்டு 'வளரவில்லை' என்று கோப்பை மூடுவதும் நிற்க வேண்டும்.

திசு எடுக்கும் இடத்திலும் இதே அலட்சியம்தான். முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதிலிருந்து எந்தப் பூஞ்சையையும் வளர்க்க முடியாது. ஒரு பாதியை உப்புநீரில் அனுப்பச் சொல்லி எத்தனை முறை எழுதுவது?

கடுமை தொனித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: நாள்பட்ட மூளைக்காய்ச்சல் என்றால், எதிர்ப்பாற்றல் எப்படியிருந்தாலும், முதல் தண்டுவட நீரிலேயே கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்க்க வேண்டும். படிவம் திருத்தப்படும்வரை, இந்த வாரமே ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பூஞ்சையியல் ஆய்வகப் பணியாளர்கள்