ஸ்பர்ஸ் நேற்று முளைத்த அணியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த பிரெஞ்சுப் பையன் மீது எனக்கும் பிரியம்தான். ஆனால் 'இவர் வந்த பிறகே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்றொரு கூடைப்பந்து அணி இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது' என்று ஒரு வரி வருகிறதே, எந்த உலகத்துக்கு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1997-98 தொடங்கி 2018-19 வரை 22 சீசன், ஒன்றில்கூட தோல்வி வெற்றியைத் தாண்டவில்லை. 22 முறையும் பிளேஆஃப். அதற்குள் 1999-2000 முதல் 18 சீசன் விடாமல் குறைந்தது 50 வெற்றி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வேறு எந்த அணிக்கும் அது வாய்த்ததில்லை. சம்பளத் தகராறில் ஆட்டங்கள் 66 ஆகச் சுருங்கிய 2011-12 சீசனிலும் கணக்காக 50 ஜெயித்தார்கள். கோப்பைகள் 1999, 2003, 2005, 2007, 2014. வெம்பன்யாமா பிறந்தது 2004 ஜனவரியில். அவர் பிறக்கும் முன்பே இரண்டு கோப்பை வந்தாயிற்று. சொல்லப்போனால், அவர் வருவதற்கு முந்தைய சீசனில் 22 வெற்றி, 60 தோல்வி. அவர் ஆடிய முதல் சீசனிலும் அதே 22, அதே 60! பையன் மேல் குறையில்லை, எழுதியவர் மேல்தான்.

'எல்லாம் குலுக்கல் அதிர்ஷ்டம்' என்றும் ஒரு போடு போட்டிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். சரி, 1996-97இல் டேவிட் ராபின்சன் காயத்தால் 6 ஆட்டம் மட்டுமே ஆட, அணி 62 தோல்வியோடு முடித்தது. அடுத்து டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், குலுக்கலில் முதலிடம் விழுந்தது, டிம் டங்கன் வந்தார். அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில் கோப்பைகள் வாங்கித் தந்த மனு ஜினோபிலியை 1999இல் 58 பேரில் 57ஆவதாக எடுத்தார்களே, அது எந்தக் குலுக்கல்? அவருக்குத் தோள் கொடுத்த டோனி பார்க்கரை 2001இல் 28ஆவதாக எடுத்தது? மற்ற அணிகளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டா இருந்தன?

வேலை நிமித்தம் சில வருஷம் குடும்பத்தோடு சான் அன்டோனியோவில் இருந்தவன் நான். பெரிய லீக் அணி என்று அந்த ஊருக்கு இருப்பது இது ஒன்றுதான். கோப்பை வென்ற இரவுகளில் தெருவெல்லாம் விடிய விடிய ஹாரன் சத்தம். அப்புறம் ஒரு நாள் வீரர்கள் படகில் ஏறி ஆற்றில் ஊர்வலம் வருவார்கள், நம் தெப்பத் திருவிழா மாதிரி. பக்கத்து வீட்டு மெக்சிகோ வம்சாவளிப் பாட்டிக்கு எந்த வருஷம் யார் எத்தனை ரீபவுண்ட் எடுத்தார் என்பது விரல் நுனியில் இருக்கும். நீங்கள் சொல்லும் உலகத்தில் அந்தப் பாட்டி இல்லை போலிருக்கிறது.

நீங்கள் இவர்களை ஒதுக்குவது இன்று நேற்று நடப்பதல்ல. ஏழு ஆட்டம் வரை நீளும் 2013 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கோப்பை கைக்கு எட்டியிருந்த நேரம். 5 விநாடி பாக்கி இருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கடைசியில் கோப்பை போயே போயிற்று. அதற்கு முழுப் பக்கம் ஒதுக்கினீர்கள். மறு வருஷம் அதே மயாமியை 4-1 என்று, வென்ற நான்கு ஆட்டத்திலும் 15 புள்ளிக்குக் குறையாமல் அடித்துத் துவைத்தார்கள். அதற்குக் கால் பத்தி. கூடவே தோற்ற மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் படம்! ஜெயித்தது யார் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். 2015-16இல் 67 வெற்றி, சொந்த அரங்கில் 41 ஆட்டத்தில் 40. அந்த வருஷம் கோல்டன் ஸ்டேட் அணி 73 ஜெயித்ததால் இவர்களுக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நன்றி. முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் போட்டதில் நான் உங்களை மனமாரப் பாராட்டியதாக ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். 1996 டிசம்பரில் பொறுப்பேற்று, அந்த ஐந்து கோப்பையையும் வாங்கித் தந்து, என்பிஏ வரலாற்றிலேயே அதிகமாக 1,422 ஆட்டங்கள் ஜெயித்து, உடல்நிலை காரணமாக 2025இல் விலகிய கிரெக் போப்போவிச்சை 'முன்னாள் பயிற்சியாளர் ஒருவர்' என்று எழுத எப்படி மனம் வந்தது? ஒருவராம்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் அந்த 22 சீசன் கணக்கும் போப்போவிச்சின் பெயரும் வந்தால் போதும். இடமில்லை என்றால், ஐபிஎல் வீரர்களின் புது ஹேர்ஸ்டைலுக்கு ஒதுக்கும் அரைப் பக்கத்திலிருந்து இரண்டு வரி கடன் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள். என் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்,
ஸ்ரீரங்கம்.