சூப்பர்சார்ஜர் விக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: 700 ஹெச்பி இருக்கட்டும், 3,000 ஆர்பிஎம்ல என்ன கெடைக்கும்?

பிக்கப் ட்ரக்குக்கு சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளி பவரை ஏத்துற சாமான்) கிட் செஞ்சு விக்கிற கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல யாரும் தமிழ் படிக்கப் போறதில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா அரிசோனா, டெக்சாஸ், கொலராடோ பக்கம் ட்ரெய்லர் மாட்டிக்கிட்டு சுத்துற நம்மாளுங்க இருக்காங்க, அவங்க உங்களுக்கு போன் போடுறப்ப என்ன கேக்கணும்னாவது தெரிஞ்சு வெச்சுக்கட்டும், அதான் தமிழ்லயே எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது 2021 எஃப்-150, 5.0 லிட்டர் வி8. ஃபோர்டு கணக்குப்படி 400 ஹெச்பி, 410 பவுண்டு-ஃபுட் டார்க், அதாவது திருப்புற விசை. பின்னாடி வர்றது ஏறக்குறைய 7,000 பவுண்டு ட்ராவல் ட்ரெய்லர். கோடை வந்தா ஃபீனிக்ஸ்ல இருக்க முடியாதுங்க, ஐ-17 பிடிச்சு ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் ஓடிருவோம். கீழ 1,100 அடி, மேல 7,000 அடி. ப்ளாக் கேன்யன் சிட்டி தாண்டின உடனே சன்செட் பாயின்ட் வரைக்கும் ஒரு ஏத்தம் வரும் பாருங்க, 10 ஸ்பீட் கியர்பாக்ஸ் படபடன்னு கீழ இறங்கி, எஞ்சின் 4,500க்கு மேல போய் நின்னு கத்த ஆரம்பிக்கும், பின்சீட்ல பசங்க ஹெட்போனை மாட்டிக்குவாங்க, வீட்டம்மா என்னைத் திரும்பிப் பாப்பாங்க. வண்டி ஏறாமல்லாம் இல்ல, ஏறிரும். எனக்கு அதே ஏத்தம் 3,000 ஆர்பிஎம்ல அமைதியா ஏறணும், அவ்வளவுதான் ஆசை. (ஃபோர்டோட டர்போ எஞ்சின் எகோபூஸ்ட் வாங்கியிருக்கலாமேன்னு கேக்கப் போறவங்களுக்கு: எனக்கு வி8 பிடிக்கும், விடுங்க.)

இந்த ஆசையோட உங்க வெப்சைட்ட தொறந்தா மொத வரியே 700 ஹெச்பி, அதுக்குக் கீழ டயர்ல புகை வர்ற போட்டோ. எந்த ஆர்பிஎம்ல எவ்வளவு பவர்னு அளந்து காட்டுற டைனோ சார்ட்டப் பாத்தா கோடு 3,500லயோ 4,000லயோதான் ஆரம்பிக்குது. நான் வண்டி ஓட்டுற இடமே அந்தப் படத்துல இல்லீங்க!

சரி, எனக்கு எவ்வளவு பவர்தான் வேணும்னு நானே உக்காந்து கணக்குப் போட்டேன். ட்ரக், ட்ரெய்லர், ஆளுங்க, சாமான் எல்லாம் சேத்து 13,000 பவுண்டு. 6 பர்சென்ட் ஏத்தத்துல 60 மைல் வேகத்துல அந்த வெயிட்டை மேல தூக்கவே 125 ஹெச்பி போயிரும். ட்ரெய்லரோட மூஞ்சி இருக்கே, செவுரு மாதிரி, அது காத்தைக் கிழிக்கிறதுக்கும் டயர் உருள்றதுக்கும் இன்னொரு 110, 120. நடுவுல கியர்பாக்ஸ், ஆக்சில் தின்னுறதையும் சேத்தா எஞ்சின்ல 300 ஹெச்பி இருந்தாப் போதும். முந்நூறுதாங்க! ஆனா அந்த 300ஐ 3,000 ஆர்பிஎம்ல எடுக்கணும்னா 525 பவுண்டு-ஃபுட் டார்க் வேணும். என் எஞ்சின் அதோட 410ஐ 4,250லதான் குடுக்குது, அந்த 410ஏ முழுசா 3,000ல வந்தாக்கூட 235 ஹெச்பிதான், அதனாலதான் கியர் இறங்குது, அதனாலதான் கத்தல். இதுல உயரம் வேற, ஒவ்வொரு 1,000 அடிக்கும் சாதா எஞ்சின் சுமார் 3 பர்சென்ட் பவரை விட்டுரும், ஃப்ளாக்ஸ்டாஃப் போறதுக்குள்ள 400ல 80 காணாமப் போயிருக்கும். டோ பண்றவனுக்கு, அதாவது ட்ரெய்லர் இழுக்கிறவனுக்கு, சூப்பர்சார்ஜர் உண்மையிலேயே உதவுற இடம் இதுதான், நீங்களோ இதைப் பத்தி ஒரு வரி போட மாட்டேங்குறீங்க.

எந்த டைப் எடுக்கணும்னு யாரையாவது கேட்டா ஆளாளுக்கு ஒரு கட்சி. ப்ரோசார்ஜர், வோர்டெக் மாதிரி சென்ட்ரிஃப்யூகல் டைப்ல பூஸ்ட், அதாவது உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம், ஏறுறது ஆர்பிஎம்மோட வர்க்கத்துக்கு, அதாவது 7,000ல 8 பிஎஸ்ஐ குடுக்கிற கிட் 3,000ல ஒண்ணரை குடுத்தாலே பெருசு. காத்து அதுல அவ்வளவா சூடாகாது, ஒத்துக்கிறேன், ஆனா எனக்கு வேணுங்கிற இடத்துல பூஸ்டே இல்லாதப்ப அதை வெச்சு நான் என்ன பண்றது. மேக்னுசன், எடெல்ப்ராக் கிட்ல எல்லாம் வர்ற ஈட்டன் டிவிஎஸ், ரூட்ஸ் வம்சம், நாலு இதழ் ரோட்டரை முறுக்கி விட்டது. விப்பிள் ட்வின் ஸ்க்ரூ, காத்தை உள்ளயே அமுக்கி வெளிய விடும், பூஸ்ட் ஜாஸ்தியா இருக்கிறப்ப அதுதான் கில்லாடி. ரெண்டுமே ஆக்சிலரேட்டரை மிதிச்ச உடனே கீழ் ஆர்பிஎம்லயே டார்க் குடுக்கும். 6 பிஎஸ்ஐ போதும்னு சொல்ற என்னை மாதிரி ஆளுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல, கூலிங் யாருது நல்லா இருக்கு, ட்யூன் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்) யாரு ஒழுங்கா பண்ணியிருக்காங்க, அதை வெச்சுதான் முடிவு பண்ணணும்.

கூலிங்னு சொன்னேன்ல, அங்கதான் இருக்கு சமாச்சாரம். வெளிய 110 டிகிரி (ஃபாரன்ஹீட்) வெயில்ல 6, 7 பிஎஸ்ஐக்கு அமுக்கினா காத்து, அதை ஆத்துற இன்டர்கூலருக்குள்ள நுழையறப்பவே 200 டிகிரி பக்கத்துல இருக்கும். ட்ராக்ல பத்து செகண்ட் ஓட்டுறவனுக்கு இது ஒண்ணுமே இல்ல, இன்டர்கூலர் தண்ணி சூடாகறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும். நான் அந்த ஏத்தத்துல நிமிஷக்கணக்கா மிதிச்சுக்கிட்டே இருப்பேன். இருக்கிற கொஞ்சம் தண்ணி சூடாயிரும், அதை ஆத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர் எங்க உக்காந்திருக்குன்னு குனிஞ்சு பாத்தா ரேடியேட்டருக்கு முன்னாடி, அப்ப அது கக்குற சூடும், ஏசி கண்டென்சர் சூடும், எல்லாமே ரேடியேட்டர் தலைலதான் விழும். காத்து சூடாக சூடாக கம்ப்யூட்டர் டைமிங்கைக் குறைக்கும் (ஸ்பார்க்கை லேட்டா அடிக்க வெக்கும், பவர் போயிரும்), என் எஞ்சின் கம்ப்ரெஷன் வேற 12க்கு 1, நாக் ஆகாம, அதாவது பெட்ரோல் தானா வெடிக்காம, காப்பாத்த அதுக்கு வேற வழியும் இல்ல. பாதி ஏத்தத்துல உங்க 700 எவ்வளவா நிக்கும்? போன்ல இதைக் கேட்டப்ப ஒருத்தர் “எங்க கஸ்டமர் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலயே சார்”ங்கிற மாதிரி பேசி முடிச்சுட்டாரு. இது பதிலா?

ட்ரக் கம்பெனிங்களும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தாங்க, டோ ரேட்டிங்குக்கு ஆளுக்கொரு கணக்கு. 2008ல எஸ்ஏஇ (வண்டி எஞ்சினியருங்க சங்கம்) போட்ட ஜே2807னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு. அதுல ஏத்த டெஸ்டுக்குன்னு வெச்சிருக்கிற ரோடு எங்க அரிசோனாவுலயே, புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் டேம் ஏத்தம், 11 மைலுக்கு மேல, 3,000 அடி பக்கம் ஏறும். கீழ குறைஞ்சது 100 டிகிரி வெயில் இருக்கணும், ஏசி முழுசா ஓடணும், சாதா பிக்கப் 40 மைலுக்குக் கீழ இறங்கக் கூடாது. டொயோட்டா 2011 டன்ட்ராவுக்கு மொதல்ல ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க இழுத்தடிச்சு அப்புறம் வந்து சேந்தாங்க. அந்த ரோடு பொது ரோடுதான், நீங்களும் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு வரலாம். மேல போய்ச் சேர்றப்ப இன்டேக் காத்து எத்தனை டிகிரி, கூலன்ட் எத்தனை, டைமிங் எவ்வளவு குறைஞ்சிருக்கு, இதைப் போடுங்க. ஒரே ஒரு பக்கம் போதும்.

சேல்ஸ்ல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. “இதைப் போட்டா இன்னும் பெரிய ட்ரெய்லர் இழுக்கலாம் சார்”னு தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க. டோ ரேட்டிங் ஒரு பவுண்டு கூட ஏறாது. ஃப்ரேம், ஆக்சில், ஹிட்ச், ப்ரேக் எல்லாம் அதேதான், ட்ரைவர் கதவுகிட்ட ஒட்டியிருக்கிற பேலோட் ஸ்டிக்கரும் அதேதான். 7,000 பவுண்டு ட்ரெய்லர்னா நாக்கு வெயிட்டே (ஹிட்ச் மேல அது அழுத்துற எடை) 700ல இருந்து 1,050 வரைக்கும் வரும், அதோட உங்க கிட் வெயிட்டும் அதே பேலோட்லதான் கழியும். ஏறுறதுக்கு பவர் குடுத்துட்டீங்க, இறங்குறப்ப யாரு பிடிக்கிறது?

வாரன்ட்டி விஷயம் இன்னும் மோசம். ஃபோர்டு டீலர் மூலமா மாட்டுற கிட் இருக்கு, வாரன்ட்டியோட வருது. பழைய 5.7 டன்ட்ராவுக்கு டிஆர்டி சூப்பர்சார்ஜர் அப்படித்தான் டீலர்லயே மாட்டிக் குடுத்தாங்க, 381 ஹெச்பி 504 ஆச்சு, டார்க் 401ல இருந்து 550. மத்ததுல “பவர்ட்ரெய்ன் வாரன்ட்டி”னு பெருசா போட்டுட்டு கீழ பொடி எழுத்துல டோ பண்ணினா செல்லாதுங்கிற மாதிரி ஒரு வரி இருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுத் தேட வேண்டியிருக்கு. இழுக்கிறப்ப கவர் ஆகுமா ஆகாதா, மொத பக்கத்துலயே சொல்லிருங்க. கலிஃபோர்னியா ஏர் போர்டோட ஈஓ நம்பர் (புகை விதிப்படி இதை மாட்டலாம்ங்கிற அனுமதி) இருக்கா, எந்த வருஷ மாடலுக்கு இருக்கு, அதையும் பக்கத்துலயே போடுங்க. “பென்டிங்”னா அது இல்லன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

எட்டுல இருந்து பத்தாயிரம் டாலர் வரைக்கும் கேக்குறீங்க. ரெண்டு மூணாயிரத்துல ஆக்சில் கியரை மாத்திட்டுப் போயிரலாம், 10 ஸ்பீடுக்கு அது பெருசா பிரயோஜனம் இல்லன்னாலும் வாரன்ட்டித் தலைவலி கம்மி. என் நம்பர் மேலயே இருக்கு: 3,000 ஆர்பிஎம், 525 பவுண்டு-ஃபுட், பதினஞ்சு நிமிஷம், 110 டிகிரி வெயில், 91 ஆக்டேன் பெட்ரோல். சின்ன பூஸ்ட், சார்ஜரை மெதுவா சுத்த விடுற பெரிய புல்லி, பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர், டோ பண்றதுக்குன்னே ஒரு ட்யூன், இப்படி ஒரு கிட் இருந்தா வெலையோட மெயில் போடுங்க. மே மாசம் வெயில் ஏறுறதுக்குள்ள மாட்டிரணும்.

இப்படிக்கு,
ஐ-17 வலது ஓர லேன்ல ஃப்ளாஷர் போட்டுக்கிட்டு ஏறுற ஒருத்தன்