சவரக் கத்தி மழுங்கினால் முதலில் தீட்டும் வாரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். கையில் தாத்தா காலத்து மடக்குச் சவரக் கத்தி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. எங்களிடம் சாணை பிடித்து வாங்கிப் போய் ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. “கன்னத்தில் வைத்தால் முடியைப் பிடுங்குகிறது. திரும்பவும் கல்லில் போட்டுக் கொடுங்கள்” என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இரண்டு பக்கச் சரிவும் நாங்கள் விட்டபடியே ஒழுங்காக இருந்தது. வாய், அதாவது வெட்டும் விளிம்பு மட்டும், நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாங்கள் கல்லை எடுக்கவே இல்லை. கத்தி தீட்டுவதற்காகச் சுவரில் மாட்டியிருக்கும் வாரில், அதன் துணிப் பட்டையில் 30 தடவை, தோல் பட்டையில் 60 தடவை தீட்டிக் கொடுத்தோம். முன்கையில் வைத்துப் பார்த்தார். கத்தி தோலைத் தொடாமலேயே முடி விழுந்தது. கூலி வாங்கவில்லை.

சாணைக்கென்று எங்களிடம் வரும் கத்திகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான். அதனால்தான் இந்த மடல். கல்லில் ஒவ்வொரு முறை போடும்போதும் கத்தி கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த இரும்பைத் திரும்ப வைக்க எங்களால் முடியாது. மூன்று தலைமுறை வர வேண்டிய கத்தியைத் தேவையில்லாமல் தேய்த்துக் கூலி வாங்க எங்களுக்கு மனமில்லை.

முதலில் ஒரு விஷயம். முடி மெல்லியது, எஃகு கெட்டியானது, பிறகு கத்தி ஏன் மழுங்குகிறது என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, 2020-இல் சயன்ஸ் இதழில் விடை எழுதினார்கள். சவர பிளேடின் எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கெட்டியானது. அப்படியிருந்தும், முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, விளிம்பில் பலவீனமான இடமாகப் பார்த்து எஃகு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஊறாத முடி இன்னும் விறைப்பாக நிற்கும். வெந்நீரில் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறவைத்துவிட்டுச் சவரம் செய்பவரின் கத்தி அதிக நாள் வருவது இதனால்தான். சோப்பு நுரையை அவசரமாகத் தடவிவிட்டு உடனே கத்தி வைப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி வருகிறார்கள்.

பெயர்ந்த சில்லுக்குக் கல் வேண்டும். சாய்ந்த வாய்க்கு வார் போதும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விளக்கு வெளிச்சத்தில் கத்தியின் வாயை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அந்த இடத்தில் சில்லு போயிருக்கிறது, எங்களிடம் கொண்டுவாருங்கள். எதுவும் மின்னவில்லை, ஆனால் பிடுங்குகிறது என்றால் முதலில் வாரை எடுங்கள். நகத்தில் வைத்துக் கூர் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு சோதனையே ஒரு நல்ல வாயைக் கெடுத்துவிடும்.

இனி தீட்டும் முறை. வாரின் ஒரு முனையை உறுதியான கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். விறைப்பு என்றால் நிஜமான விறைப்பு. வார் நடுவில் தொய்ந்தால், கத்தி கடந்துபோகும்போது தோல் மேலே எழும்பி வாயைச் சுற்றி வளையும். ஒவ்வொரு தடவையும் வாய் கொஞ்சம் உருண்டை ஆகும். அறுபது தடவை அப்படித் தீட்டினால், தீட்டாமலே இருந்திருக்கலாம். செம்பூர்க்காரர் வீட்டில் நடந்ததும் இதுதான். குளியலறைக் கதவின் கைப்பிடியில் வாரை மாட்டியிருந்தாராம்; இழுக்க இழுக்கக் கதவும் கூடவே ஆடியிருக்கிறது.

கத்தியின் முதுகும் (வாய்க்கு எதிரே உள்ள தடித்த பக்கம்) வாயும் ஒரே நேரத்தில் தோலில் படிந்திருக்க வேண்டும். கல்லில் வாய் முன்னால் போகும்; வாரில் முதுகு முன்னால் போய் வாய் பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால் வார் வெட்டுப்பட்டுவிடும். முனைக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள், ஒருபோதும் வாயின் மேல் திருப்பாதீர்கள். அழுத்தம் வேண்டாம், கத்தி தோலை விட்டு எழாமல் இருந்தால் போதும். சரியாகப் போகும்போது ‘சர்ர்’ என்று இடைவிடாத ஒரே ஓசை கேட்கும். நடுவில் ஓசை மாறினால் முதுகு தூக்கிவிட்டது என்று பொருள். சலூனில் பார்த்த வேகம் உங்களுக்குத் தேவையில்லை. முதல் ஒரு மாதம் ஒவ்வொரு தடவையையும் எண்ணிக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் துணியில் 20 முதல் 30, தோலில் 40 முதல் 60. நாள்தோறும் இப்படிச் செய்தால் கத்தி பல மாதங்களுக்குக் கல் கேட்காது.

எங்கள் வார் எருமைத் தோல். குரோமிய உப்பில் பதனிடாமல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, ஈரோட்டிலிருந்து வருகிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடுவது நம் ஊர்களின் பழைய தொழில்; தாராவிக்குத் தமிழர்கள் வந்ததிலும் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தோலில் கத்தி வழுக்கிப் போகாது, மெல்லிய பிடி இருக்கும். அந்தப் பிடிதான் சாய்ந்த வாயை நிமிர்த்துகிறது. வாருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், கை எண்ணெய்யே போதும். கூர் தீட்ட உதவும் பச்சைப் பசையை வாரில் பூச விரும்பினால் அதற்குத் தனிப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது குரோமியம் ஆக்சைடு. மிக நுண்ணியதாக இருந்தாலும் அதுவும் தேய்க்கும் பொருள்தான். மாதத்துக்கு ஒருமுறை பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம். ஒருமுறை பூசிய தோலிலிருந்து அதை முழுவதும் நீக்க முடியாது.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சவரக் கத்தியின் கோணத்தை அதன் முதுகே தீர்மானிக்கிறது. அகலம் 19 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு ஐந்தரை மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் 16, 17 டிகிரி. அதனால்தான் முதுகையும் கல்லில் படியவைத்தே தேய்க்கிறோம். கல்லின் எண் ஏற ஏற அது நுண்ணியது; 1000 எண் கல்லில் சரிவை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000-இல் முடிக்கிறோம். கடைசிக் கல்லில் கத்தி போகும்போது முன்னால் தள்ளப்படும் நீர், ஒரு கட்டத்தில் வாயின் மேல் ஏறி ஓடத் தொடங்கும். நுனி முதல் அடி வரை ஒரே சீராக ஏறினால் அங்கே நிறுத்திவிடுவோம். கல் குழிந்திருந்தால் இதெல்லாம் நடக்காது. அதனால் வேலை தொடங்குமுன் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் தகட்டில் கோடு முழுக்க மறையும் வரை தேய்த்துச் சமன் செய்கிறோம்.

தெருவில் சைக்கிளில் சக்கரம் சுற்றும் சாணைக்காரரிடம் சவரக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் போதும், நம் வீட்டிலும் அவரிடம்தான் கொடுக்கிறோம். ஆனால் சவரக் கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது. காய்ந்த சக்கரத்தில் ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கல்லும் எந்த வாரும் அங்கே கூரை நிற்கவைக்காது. இப்படி நீலம் பாய்ந்து வந்த ஒரு ஜெர்மன் கத்தியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த நாள் எங்களுக்கு மறக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

மும்பையில் ஜூன் வந்தால் அடுத்த நான்கு மாதம் துருவோடு போராட்டம். மழுங்கலைவிட இதற்குத்தான் நாங்கள் அஞ்சுகிறோம். வாயில் ஒரு துருக்குழி விழுந்தால், அந்தக் குழி முழுவதும் தேயும் வரை இரும்பை எடுக்க வேண்டியிருக்கும். சவரம் முடிந்ததும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். கைப்பிடியின் இடுக்கில் நீர் நிற்கும். கத்தியைத் திறந்தபடியே அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிறகு தோல் பட்டையில் பத்துத் தடவை தீட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போய்விடும். ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும், வேண்டாம். குளியலறையிலும் தோல் உறையிலும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சலூன் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே கத்தியையும் வாரையும் பலருக்குப் பயன்படுத்தாதீர்கள். ரத்தத்தால் பரவும் நோய்கள் உள்ளன, தோல் வாரைக் கிருமி நீக்கம் செய்ய வழியில்லை. ஆளுக்கு ஒரு புது பிளேடு மாற்றும் கத்தியே உங்கள் தொழிலுக்குச் சரி.

வரும் முதல் தேதியிலிருந்து சாணைக்கு வரும் எந்தக் கத்தியையும் முதலில் வாரில் தீட்டிப் பார்ப்போம். தேறிவிட்டால் கூலி இல்லை. கல் தேவைப்பட்டால் லென்ஸில் உங்களுக்கும் காட்டிவிட்டுத்தான் தொடங்குவோம். கூரியரில் அனுப்புபவர்கள், கத்தியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, பயன்படுத்தும் வாரையும் சேர்த்து அனுப்புங்கள். கோளாறு பெரும்பாலும் அதில்தான் தெரியும்.

ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை கடையில் பழைய வார் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். மாட்டுங்காவிலிருந்தோ முலுண்டிலிருந்தோ, எங்கிருந்து வந்தாலும் உங்கள் கத்தியைக் கொண்டுவந்து எங்கள் எதிரில் தீட்டிப் பாருங்கள். வார் வெட்டுப்பட்டால் கவலை வேண்டாம், அதற்காகத்தான் அது அங்கே தொங்குகிறது.

தங்கள் அன்புள்ள,
கடையார்
90 அடி சாலை, தாராவி, மும்பை