அணுவின் வயதும் இடத்தின் வயதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோரின் நோய் எதிர்ப்பாற்றல் குறித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, வெள்ளை அணுக்கள் தாமாகவே மூப்படைகின்றன என்பதோடு நின்றுவிட்டது; அவை குடியிருக்கும் திசுவின் பங்கை அது தொடவே இல்லை.

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், ஒரே பர்மா தேக்கில் இழைத்த இரு கதவுகள் உள்ளன. முகப்புக் கதவு இன்றும் பளபளக்கிறது. இரண்டாங்கட்டில் ஓதம் ஏறிய சுவரை ஒட்டிய கதவின் அடிப்பகுதியோ விரல் பட்டாலே உதிர்கிறது. மரத்தைக் குறை சொல்ல முடியுமா?

நுரையீரலின் காற்றறைகளைத் துப்புரவு செய்யும் பெருவிழுங்கு அணுக்கள் (macrophages) என்னும் வெள்ளை அணுக்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. இளம் சுண்டெலிகளுக்கும் முதிய சுண்டெலிகளுக்கும் இடையே இவ்வணுக்களை மாற்றி வைத்துப் பார்த்த, 2021-இல் வெளியான ஆய்வில், அவை பிறந்த உடலின் வயதைவிடக் குடியேறிய நுரையீரலின் வயதே அவற்றின் மரபணுச் செயற்பாட்டைப் பெரிதும் வடிவமைப்பது தெரியவந்தது. டி அணுக்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளை அணுக்கள் முதிர்ச்சி பெறும், நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியும் வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடுகிறது. (மனிதரிடம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.)

சத்து மாத்திரை விளம்பரங்கள் அணுவை மட்டுமே பேசும் இந்நாளில், திசுச் சூழல் பற்றி மருத்துவர் ஒருவரைக் கொண்டு தாங்கள் விரிவாக எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.