சர்க்கரை நோயாளியின் குறட்டையை யார் கேட்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக நீரிழிவு நாளான நவம்பர் 14-ஐ ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். கண், சிறுநீரகம், கால் புண், இதயம் என எல்லாவற்றைப் பற்றியும் பயனுள்ள செய்திகள் இருந்தன. சர்க்கரை நோயாளி இரவில் எப்படித் தூங்குகிறார், தூக்கத்தில் அவருக்கு மூச்சு தடைபடுகிறதா என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு அருகதை குறைவுதான். இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுச் செவிலியராக இருந்து, கணக்கில்லாத பேருக்குச் சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்த நான், அவர்களில் ஒருவரிடமும் குறட்டை விடுவீர்களா என்று கேட்டதில்லை.

கேட்க வைத்தது என் வீட்டு அனுபவம். என் கணவர் சங்ககிரியில் லாரி ஓட்டுநராக இருந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. இரவு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாலும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 180-க்குக் கீழே இறங்காது. திருட்டுத்தனமாக எதையோ சாப்பிடுகிறார் என்று நான் அவரைச் சந்தேகித்தேன். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவார். சர்க்கரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். எழும்போது வாய் வறண்டு, தலை கனத்திருக்கும். தேநீர்க் கடையில் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போன நாட்களும் உண்டு. அவர் விடும் குறட்டையோ தெருவே அறிந்தது. 'அசந்து தூங்குகிறார், கொடுத்து வைத்தவர்' என்று உறவினர்கள் சொல்லும்போது நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்து மூச்சை இழுப்பது போல ஒரு பெரிய ஓசையுடன் மீண்டும் தொடங்கும் என்பதைப் பல ஆண்டுகள் பக்கத்தில் படுத்துக் கேட்டிருந்தும், அதை ஒரு நோயின் அடையாளமாக நான் எண்ணவில்லை.

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்ந்தபோதுதான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவை எடுத்து அவருடைய கழுத்தை அளந்தார். 43 சென்டிமீட்டர். பிறகு அவரை விட்டுவிட்டு, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று என்னிடம் கேட்டார். கேள்வியை நோயாளியிடம் கேட்காமல் மனைவியிடம் கேட்டதில்தான் அந்த மருத்துவரின் அனுபவம் தெரிந்தது. மயக்க மருந்து மருத்துவர்கள் இதைக் கேட்பது தற்செயலன்று. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, இரத்த அழுத்தம், உடற்பருமன், வயது, கழுத்தளவு, ஆணா என்ற எட்டுக் கேள்விகளால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் வாய்ப்பு உள்ளவரைக் கண்டறிய உதவும் ஸ்டாப்-பேங் என்னும் வினாப்பட்டியலை 2008-ல் கொண்டுவந்தவர்களே டொராண்டோவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஃபிரான்சஸ் சங்கும் அவருடைய குழுவினரும்தான்.

பின்னர் செய்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை அவருக்கு மூச்சு தடைபடுவது தெரிந்தது. ஐந்துக்குக் குறைவாக இருந்தால் இயல்பு, முப்பதைத் தாண்டினால் தீவிரம். இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அபாயம் என்று உணர்ந்து உடலை உலுக்கி எழுப்புகிறது. அந்த உலுக்கலில் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன. கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இது இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான முறை நடந்தால், பட்டினியாகப் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை ஏறியிருப்பதில் வியப்பில்லை. என் கணவர்மீது நான் கொண்ட சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. இரவுச் சிறுநீருக்கும் இதில் பங்குண்டு. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரை அதிகமாக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. பழியை முழுவதும் சர்க்கரையின் மேலேயே போட்டுவிடுவது நம் வழக்கம்.

பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பு இவ்விரண்டு நோய்களின் தொடர்பைச் சுட்டி, ஒன்று இருப்பவரிடம் மற்றொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று 2008-லேயே அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனோடு இரண்டாம் வகை நீரிழிவும் கொண்டவர்களில் 100-க்கு 86 பேரிடம் ஏதோ ஓர் அளவில் இந்த மூச்சுத்தடை காணப்பட்டது. அது பருமனானவர்களைப் பற்றிய கணக்கு என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தாடை அமைப்பின் காரணமாக ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை மறக்கக் கூடாது.

மூக்கில் முகமூடி போலப் பொருத்தி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை என் கணவர் இப்போது பயன்படுத்துகிறார். முதல் வாரம் அதைப் பிடுங்கி எறிந்தார். இப்போது இரவில் ஒரு முறைதான் எழுகிறார்; பகலில் தூங்கி விழுவதில்லை. காலைச் சர்க்கரை 150-ஐ ஒட்டி நிற்கிறது. இந்தக் கருவி சர்க்கரையைக் குணப்படுத்திவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை அளவில் அதன் பலன் குறித்து ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை, என் கணவரும் மாத்திரையை நிறுத்தவில்லை.

தங்கள் நாளிதழ் வாயிலாக நான் கேட்பது பெரிய செலவுக்குரியதன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளர்கள் இரண்டே கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கலாம்: குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா, பகலில் தன்னை அறியாமல் தூக்கம் வருகிறதா. முதல் கேள்வியை உடன் உறங்குபவரிடம் கேட்க வேண்டும். 'ஆம்' என்று பதில் வருபவர்களுக்கு, வீட்டிலேயே ஓர் இரவு பொருத்திப் பார்க்கும் சிறிய பரிசோதனைக் கருவியை வட்ட அரசு மருத்துவமனைகளில் வைத்தால், ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இருப்பவர்கூடப் பரிசோதனைக்காகச் சேலத்தில் தங்க வேண்டியிராது.

லாரித் தொழிலை நம்பியிருக்கும் நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய வண்டியோடு இறங்கும் ஓட்டுநருக்கு ஒரு நொடி கண் செருகினால் என்ன ஆகும் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுநர்கள் இதை வெளியே சொல்ல அஞ்சுகிறார்கள்; சொன்னால் வண்டி கிடைக்காது என்பது அவர்களுடைய பயம். என் கணவரும் அப்படித்தான் மறைத்தார். சிகிச்சை எடுத்தால் அந்த அயர்வு குறையும் என்பதால், சோதனையில் நோய் தெரிந்தவரை வேலையை விட்டு நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாட்டை லாரி உரிமையாளர்கள் முன்னின்று செய்ய வேண்டும். சங்ககிரியில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துபவர்கள் அடுத்த முறை ஓர் அளவு நாடாவையும் எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.