மூன்று முறைதான் என்று சொன்னவர் நான்காவது முறையும் நின்றார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் மாகாண ஆளுநர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 47 மாகாணங்களிலும் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 4 ஆண்டு, மாகாண சட்டமன்றம் நினைத்தால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநரையே பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இந்த விளக்கம் தேவையும்கூட. ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறை மக்களிடம் போக வேண்டியிருப்பதால் அங்கே யாரும் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்ள முடியாது என்ற பொருளில் முடித்திருந்தாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் சைத்தாமா மாகாணத்தில் குடியிருப்பவன். வெளிநாட்டவன் என்பதால் ஓட்டு கிடையாது. வேடிக்கை பார்க்கத் தடையில்லையே!

ஒருவர் எத்தனை முறை ஆளுநராக இருக்கலாம் என்பதற்கு ஜப்பானியச் சட்டத்தில் வரம்பே இல்லை. கட்டுரையில் விடுபட்டது இதுதான். இஷிகாவா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யோயிச்சி நகனிஷி 1963-இல் ஆளுநரானார். எட்டு முறை வென்று, 1994-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்தவர் அவரிடம் துணை ஆளுநராக இருந்த மசனோரி தானி. அவர் ஏழு முறை, 2022 வரை. ஆக 59 ஆண்டுகளுக்கு இரண்டே பேர். அதே காலத்தில் டோக்கியோவில் பிரதமர் பதவியில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், 27 பேர் வருகிறார்கள். மேலே ஆட்டம் காணும் நாட்டில் கீழே ஒருவர் நிலையாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் தானி கடைசியாக நின்ற 2018 தேர்தலில் வாக்குப்பதிவு 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவர் விலகிக்கொண்ட 2022-இல் பலமான மூவர் மோதினார்கள். வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தாண்டியது. மல்யுத்த வீரராக இருந்து அரசியலுக்கு வந்து, கல்வி அமைச்சராகவும் இருந்த ஹிரோஷி ஹசே 8,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மக்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. போட்டிதான் இல்லாமல் இருந்தது.

போட்டி ஏன் இருப்பதில்லை? பட்ஜெட்டைத் தயாரித்து சட்டமன்றத்தில் வைக்கும் அதிகாரம் ஆளுநர் ஒருவருக்குத்தான். உறுப்பினர்கள் விவாதிக்கலாம், திருத்தலாம், ஆனால் தாங்களாக ஒன்றைக் கொண்டுவர முடியாது. தன் தொகுதிக்குச் சாலையோ பாலமோ வேண்டும் என்றால் ஆளுநரோடு ஒட்டி நிற்பதுதான் புத்திசாலித்தனம். அதனால் டோக்கியோவில் நாள்தோறும் சண்டை போடும் கட்சிகளின் உள்ளூர்க் கிளைகள், ஆளுநர் தேர்தல் வந்ததும் பதவியில் இருப்பவருக்கே சேர்ந்து ஆதரவு கொடுத்துவிடுகின்றன. எதிரே நிற்பவர் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரவு பெற்ற ஒருவர். எங்கள் சைத்தாமாவில் 2023 ஆகஸ்டில் நடந்ததும் இதே கதைதான். பதிவான வாக்கு 23.76 சதவீதம். ஜப்பானில் எந்த ஆளுநர் தேர்தலிலும் இவ்வளவு குறைவாகப் பதிவானதில்லை. கொளுத்தும் வெயில் என்று காரணம் சொன்னார்கள். வெயில் இருந்தது உண்மைதான்; நான்கில் மூன்று பேரை வீட்டிலேயே உட்கார வைத்தது வெயில் மட்டும்தானா?

சரி, வரம்பு வைக்க யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். இங்கே 2003-இல் ஆளுநரான கியோஷி உவேடா, மூன்று முறைக்கு மேல் இருக்கமாட்டேன் என்று அடுத்த ஆண்டே தனக்குத்தானே ஒரு விதி போட்டு, அதை மாகாணச் சட்டமாகவும் நிறைவேற்ற வைத்தார். சுயக்கட்டுப்பாடுதான், மீறினால் தண்டனை எதுவும் இல்லை. 2015-இல் நான்காவது முறை நின்றார், வென்றார். 2019-இல்தான் விலகினார். அதன் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம்: தேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக இருந்த மோட்டோஹிரோ ஓனோ அந்தப் பதவியை விட்டு ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார்; காலியான அவருடைய மேலவை இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் நம்ம உவேடா!

டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் கனகாவா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆளுநர் ஷிகெஃபூமி மட்சுசாவா காலத்தில், 2007-இல், தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாகாணச் சட்டமே நிறைவேற்றினார்கள். இது வெறும் வாக்குறுதி அல்ல, தடை. நாட்டிலேயே முதல் முறை. ஆனால் யார் தேர்தலில் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது தேசியச் சட்டம். அது மாறினால்தான் மாகாணத்தின் தடை செல்லும் என்பதால், அமலுக்கு வரும் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். தேசிய நாடாளுமன்றம் இன்றுவரை சட்டத்தை மாற்றவில்லை. உள்துறை அமைச்சகம் அமைத்த ஆய்வுக்குழுவே, இப்படி வரம்பு வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட முடியாது என 2007-இல் அறிக்கை கொடுத்தும் பயனில்லை. மட்சுசாவா இரண்டு முறையோடு போய்விட்டார். அடுத்து வந்த யூஜி குரோய்வா 2011, 2015, 2019, 2023 என நான்கு தேர்தல்களில் வென்றிருக்கிறார்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹியோகோ மாகாணத்தில் 2024 செப்டம்பரில் 86 உறுப்பினர்களும் ஒருமனதாக ஆளுநர் மோட்டோஹிகோ சைட்டோவுக்கு எதிராக வாக்களித்தார்கள். பத்து நாளுக்குள் சட்டமன்றத்தைக் கலைக்கலாம், இல்லாவிட்டால் பதவி போய்விடும். அவர் கலைக்கவில்லை, பதவி போனது, நவம்பரில் மறுபடி நின்று வென்றார். அப்புறம்தான் வேடிக்கை. தானாக ராஜினாமா செய்துவிட்டு அதனால் வரும் தேர்தலில் வென்றிருந்தால், பழைய பதவிக்காலத்தில் மிச்சமிருந்த சில மாதங்கள்தான் கிடைத்திருக்கும். சட்டமன்றம் வெளியேற்றியதால் முழுதாக 4 ஆண்டு கிடைத்தது. இந்த ராஜினாமா விதியைத் தாண்டத்தான் 2019-இல் ஒசாகா ஆளுநரும் ஒசாகா நகர மேயரும் சேர்ந்து ராஜினாமா செய்து, ஒருவர் பதவிக்கு மற்றவர் நின்றார்கள். இருவரும் வென்றார்கள், இருவருக்கும் புதிய 4 ஆண்டு.

நீண்ட காலம் இருந்தால்தான் ஊழல் வரும் என்று நான் சொல்லவில்லை. 2006 இறுதியில் டெண்டர் முறைகேடு வழக்குகளில் அடுத்தடுத்துக் கைதான மூன்று ஆளுநர்களில் ஃபுகுஷிமாக்காரர் ஐந்து முறை வென்றவர், மியாசாகிக்காரரோ முதல் முறைதான். என் புகார் போட்டியைப் பற்றியது. இபராக்கியில் ஆறு முறை வென்றிருந்த மசாரு ஹஷிமோட்டோ 2017-இல் தோற்றதையும் கவனியுங்கள். ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி ஆதரித்த ஒருவரிடம்தான் தோற்றார். முந்தைய தேர்தலைவிட வாக்குப்பதிவு 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது.

எல்லா மாகாணங்களுக்கும் ஒரே வரம்பு வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வரம்பு வேண்டுமென்று நினைக்கும் மாகாணம் தானே வைத்துக்கொள்ளலாம் என்று தேசியச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை ஏன் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும். குரோய்வாவின் நான்காம் பதவிக்காலம் 2027 ஏப்ரலில் முடிகிறது. அதற்குள் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சைத்தாமா, ஜப்பான்.